மலையகத்தில் முதல் அல்பம்: பொப் ரொக் இசைக்குழுக்களுக்கான முழு வழிகாட்டி

டிரம்ஸ், பேஸ், இரண்டு கிட்டார், ஒரு பாடகர். தேர்த் திருவிழா மேடையிலும் கல்யாண வீட்டிலும் வாசித்துப் பழகிய கைகள். சொந்தப் பாட்டு பத்துப் பன்னிரண்டு சேர்ந்துவிட்டது, அல்பம் போடலாமே என்ற பேச்சும் வந்துவிட்டது. இனி என்ன செய்வது என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறோம்.

காசு குறைவான குழுவென்றால் வெளியாளுக்குக் காசு கொடுக்க வேண்டிய இடங்கள் இரண்டுதான்: டிரம்ஸ் பதிவும் மாஸ்டரிங்கும் (முடிந்த பாட்டுகளின் சத்தத்தையும் தொனியையும் வெளியீட்டுக்குச் சமன்செய்யும் கடைசி வேலை). பேஸ், கிட்டார், குரல், மிக்ஸ் (தனித்தனியாகப் பதிந்தவற்றை ஒன்றாகக் கலப்பது) ஆகியவற்றைப் பொறுமையிருந்தால் வீட்டிலேயே முடிக்கலாம். பெரும்பாலான குழுக்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. விலை கூடிய குரல் மைக் ஒன்றை வாங்கிவிட்டு, டிரம்ஸை லெப்டொப்பில் தட்டிப் போடுகின்றன. பொப் ரொக்கில் அது முதல் பாட்டிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் மழையைப் பாருங்கள்

பதிவுத் திகதியைக் குழுவின் வசதியைப் பார்த்துக் குறிக்காதீர்கள். தகரக் கூரைக்குக் கீழே மழை வந்தால் அன்றைய வேலை முடிந்தது. எந்த மென்பொருளாலும் அந்தச் சத்தத்தைக் குரலிலிருந்து சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியாது.

ஹட்டன், நோர்வூட், கினிகத்தேனை, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அங்கே ஜனவரி நடுப்பகுதி முதல் மார்ச் தொடக்கம் வரைதான் நல்ல காலம். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் கணக்கு மாறும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மழை குறைவு, ஆனால் காற்று பலமாக அடிக்கும். தகரத்தில் ஆணி தளர்ந்திருந்தால் அதுவே ஒரு தாளக் கருவியாகிவிடும், ஆகவே முதல்நாளே கூரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் எல்லாப் பக்கமும் பின்னேரம் இடி மின்னல் வரும். அந்த மாதங்களில் வேலை செய்தே ஆகவேண்டுமென்றால் காலை 8 மணிக்குத் தொடங்கி மதியம் 1 மணிக்குள் முடியுங்கள். நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலக் கூட்டமும் வாகனச் சத்தமும் வேறு.

மழைக்கு அடுத்தது பக்கத்துச் சத்தம். தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மின்விசிறிகள் நாள் முழுக்க அடித்தொனியில் உறுமும். காதுக்குப் பழகிவிடும், மைக்குக்குப் பழகாது. கொழுந்து லொறி எத்தனை மணிக்கு வருகிறது, பதுளை ரயில் எத்தனை மணிக்கு ஊதிக்கொண்டு போகிறது, கோவில் ஒலிபெருக்கி எந்த நாட்களில் கட்டுவார்கள் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

பாட்டை வெட்டுவது

பன்னிரண்டு பாட்டு இருந்தால் எட்டு அல்லது ஒன்பதைப் பதியுங்கள். ஒன்பது பாட்டு, 34 முதல் 38 நிமிடம் என்பது முதல் அல்பத்துக்குத் தாராளம். ஆறு பாட்டோடு 30 நிமிடத்துக்குள் நின்றுவிட்டால் ஸ்பொடிபை போன்ற தளங்கள் அதை அல்பமாக அல்ல, இபி (குறு அல்பம்) என்றே வகைப்படுத்தும்.

ஒத்திகையை போனில் பதிந்து மறுநாள் கேளுங்கள். அறையின் நடுவில், நிற்கும் ஆளின் காது உயரத்தில், அம்ப்புகளுக்கு 2 மீற்றருக்கு அப்பால் போனை வையுங்கள். தரையில் வைத்தால் பேஸ் மட்டும்தான் கேட்கும், அதைக் கேட்டு யாரும் எதையும் தீர்மானிக்க முடியாது. கேட்கும்போது மூன்று விடயங்களைக் கவனியுங்கள். குரல் வருவதற்கு முன் எத்தனை விநாடி போகிறது? 20 விநாடியைத் தாண்டினால் முன்னிசையைப் பாதியாக்குங்கள். இரண்டாவது சரணத்தில் முதல் சரணத்தில் இல்லாத ஏதாவது வருகிறதா? ஒரு புதிய கிட்டார் கோடோ, ஒரு வெறுமையோ இல்லையென்றால் கேட்பவர் அங்கேதான் பாட்டை மாற்றுவார். மூன்றாவது, சுருதி. பாடகரைப் பல்லவியின் உச்ச வரியை மூன்று தடவை விடாமல் பாடச் சொல்லுங்கள். மூன்றாவது தடவை தொண்டை இறுகினால் அரைச் சுருதி இறக்குங்கள். மேடையில் உற்சாகத்தில் எட்டிய சுரம் காலை பத்து மணிக்கு மூடிய அறையில் எட்டாது.

ஒவ்வொரு பாட்டின் வேகத்தையும் ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். மேடையில் 126 போகும் பாட்டு பதிவில் 122 போனால் செத்ததுபோல் கேட்கும். 130 போனால் வார்த்தை மெல்லப்படும். தமிழில் ஒற்றெழுத்துகள் நெருங்கி வரும் வரிகளை வேகத்தில் விழுங்கிவிடுவோம், ஆகவே வேகத்தைத் தீர்மானிப்பவர் டிரம்ஸ்காரராக அல்ல, பாடகராக இருக்கட்டும்.

பீட்டில்ஸ் குழுவின் முதல் அல்பத்திலுள்ள 14 பாடல்களில் 10, 1963 பெப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பதியப்பட்டவை. அதைக் கேட்டு நாமும் ஒரு நாளில் முடிக்கலாம் என்று துள்ளாதீர்கள். அவர்கள் அதற்கு முன் வருடக்கணக்காக இரவிரவாக மேடையில் வாசித்தவர்கள். அந்த நாளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: தொண்டையைக் கிழிக்கும் பாட்டை நாளின் கடைசிக்கு வைத்தார்கள்.

தப்பும் கிளிக்கும்

மலையகக் குழு தன் அல்பத்தில் தப்பு என்ற தோல்பறையைச் சேர்க்க நினைப்பது இயல்பு. மலையகத்தின் காமன் கூத்து அடியை ரொக் டிரம்ஸின் மேல் வைத்தால் கிடைக்கும் உறுமல் வேறு எதிலும் கிடைக்காது. ஆனால் பாதிக் குழுக்கள் இதைக் கடைசியில் ஒட்டப் பார்த்துக் கெடுத்துக்கொள்கின்றன.

கிளிக்தான், அதாவது வேகம் பிசகாமலிருக்க ஹெட்போனில் ஓடும் டிக் டிக் ஒலிதான், முதல் சிக்கல். தப்பின் நடை பல இடங்களில் மூன்று மூன்றாகப் பிரியும். கிளிக்கை நான்கு அடியாகவும் எட்டுத் துண்டாகவும் வைத்தால் தப்புக்காரரின் கை ஒவ்வொரு அடியிலும் அதோடு சண்டை போடும். கிளிக்கை 6/8 ஆக மாற்றி, பெரிய அடியை மட்டும் ஒலிக்கவிடுங்கள். இன்னும் நல்ல வழி, ஹெட்போனில் கிளிக்கை அவருக்குக் கொடுக்காமல் டிரம்ஸ்காரருக்கு மட்டும் கொடுத்து, இருவரையும் கண்ணுக்குக் கண் தெரிய நிறுத்துவது. பழகிய தப்புக்காரர் பக்கத்து ஆளின் தோளைப் பார்த்துத்தான் வாசிப்பார்.

அடுத்தது ஈரம். தோல் ஈரத்தை இழுத்தால் தொய்யும், சத்தம் பொத்தென்று விழும். நெருப்பில் காய்ச்சினால் விறைத்து மேலே ஏறும். மூடுபனி நாளில் காய்ச்சிய தப்பு பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி இறங்கத் தொடங்கும். ஆகவே வெளியே ஒரு தகரத்தில் தணல் போட்டு, இரண்டு தப்புகளை மாற்றி மாற்றிக் காய்ச்சுங்கள். ஒன்று வாசிப்பில், ஒன்று தணலில். ஒவ்வொரு டேக்குக்கும் (ஒரு தடவைப் பதிவுக்கும்) முன்பு முதல் டேக்கின் முதல் அடியைப் போட்டுக் கேட்டு, தோல் அதே உயரத்துக்கு வந்ததும் தொடங்குங்கள். இல்லாவிட்டால் இரண்டு டேக்கை வெட்டி ஒட்டும்போது நடுவில் வேறு கருவி வந்ததுபோல் இருக்கும். தணலை அறைக்குள் கொண்டுவர வேண்டாம். புகை பாடகரின் தொண்டையைக் கெடுக்கும், மூடிய அறையில் ஆளுக்கே ஆபத்து.

மைக்கை 50 முதல் 60 சென்ரிமீற்றர் தூரத்தில் வையுங்கள். நீளமான மெல்லிய குச்சியின் சுள்ளென்ற அடி அளவுமானியில் தெரிவதைவிட வேகமாகப் பாயும், எனவே உச்சம் −12 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள்.

நாட்டார் பாட்டின் மெட்டையோ வரியையோ எடுப்பதென்றால் யாரிடமிருந்து கேட்டது, எந்தத் தோட்டத்து வழக்கு என்பதை அல்பக் குறிப்பில் எழுதுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் நாட்டார் வழக்காற்று வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது. பழைய பாட்டுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை என்ற எண்ணம் தவறு. ஒருவர் புதிதாக மெட்டமைத்து வெளியிட்ட வடிவத்தை அப்படியே எடுத்தால் அவருடைய அனுமதி வேண்டும்.

அறையும் கரண்டும்

லயன் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) டிரம்ஸ் பதிய முடியாது. சுவர் பக்கத்து வீட்டோடு பொது, கூரை தகரம், விடியற்காலைப் பெரட்டுக்கு (தோட்ட வேலைக்கு ஆள் கூட்டும் இடத்துக்கு) போகிறவர்கள் இரவு ஒன்பதுக்கே படுத்துவிடுவார்கள். டிரம்ஸுக்கு ஞாயிற்றுக்கிழமையில் பாடசாலை மண்டபமோ தோட்ட கிளப்போ கேளுங்கள், இல்லையென்றால் கண்டியில் ஒரு ஸ்டூடியோவை இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள். மண்டபமென்றால் நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டுங்கள். தட்டியபின் படபடவென்று ஒரு சிறகடிப்புக் கேட்டால் எதிரெதிர்ச் சுவர்கள் சத்தத்தைப் பந்தாடுகின்றன. ஒரு பக்கச் சுவரில் கம்பளிகளைச் சுவரிலிருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளித் தொங்கவிடுங்கள். ஒட்டித் தொங்கவிட்டால் பாதிப் பயன்தான்.

முட்டை அட்டை ஒட்டுவதை விடுங்கள். அது உயர்தொனியைக் கொஞ்சம் மழுப்பும், அடித்தொனியைத் தொடவே தொடாது. வீட்டில் குரல் பதிய அதைவிடப் பல மடங்கு நல்ல பொருள் தும்பு மெத்தை. இரண்டு ஒற்றை மெத்தைகளை அறை மூலையில் ஆங்கில வி எழுத்தைப்போல் நிமிர்த்தி, பாடகரின் முதுகுப் பக்கம் அந்த மூலை வரும்படி நிறுத்துங்கள். மைக் பார்ப்பது பாடகரையும் அவருக்குப் பின்னாலுள்ள சுவரையும்தான், எனவே மெத்தை வேண்டியது முதுகுப் பக்கம். எல்லோரும் மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள்.

கரண்ட் விடயத்தில் முதலில் உயிரைப் பாருங்கள். பழைய லயங்களிலும் மண்டபங்களிலும் ஏர்த் கம்பி ஒழுங்காக இல்லாத பிளக் பொயின்ட்கள் உண்டு. கிட்டார்க் கம்பியில் கை, மைக்கில் உதடு என்று நிற்கும்போது சுரீர் என்று அடித்தால் உடனே எல்லாவற்றையும் கழற்றி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். டிரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். உறுமலை நிறுத்த ஏர்த் முள்ளை வெட்டும் வழக்கம் சில மேடைக்காரர்களிடம் இருக்கிறது. அதைச் செய்யவே கூடாது.

உறுமலைக் குறைக்க வேறு வழிகள் இருக்கின்றன. நம் மின்சாரம் 50 ஹேட்ஸ், எனவே அது 50, 100, 150 ஹேட்ஸில் கேட்கும். எல்லாக் கருவியையும் ஒரே பிளக் பொயின்டிலிருந்து எடுங்கள். லெப்டொப்பை சார்ஜரிலிருந்து கழற்றி பற்றரியில் ஓடவிட்டுப் பாருங்கள், பாதி வேளை அதிலேயே நின்றுவிடும். ஃப்ரிட்ஜை நிறுத்தி, அதற்குள் கார்ச்சாவியை வைத்துவிட்டால் போகும்போது மறுபடி போட மறக்காது. சிங்கிள் கொயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) கிட்டார் என்றால் வாசிப்பவர் நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றட்டும். ஒரு திசையில் உறுமல் அடங்கும், அங்கே கதிரையைப் போடுங்கள். மாலை 6.30 முதல் 10.30 வரை மின்பாவனை உச்சத்தில் இருக்கும் நேரம். தோட்டக் கோட்டில் அழுத்தம் இறங்கும், குழல் அம்ப் சோர்ந்துபோகும். முக்கியமான டேக்கை அதற்கு முன் எடுங்கள். இடி கேட்டதும் பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

டிரம்ஸ் நாள்

இதற்கு எட்டு உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கருவியையும் லெப்டொப்போடு இணைக்கும் பெட்டி) வேண்டும். வாங்கத் தேவையில்லை, இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள். அதன் பிறகு கிட்டாருக்கும் குரலுக்கும் இரண்டு உள்ளீடு உள்ள சின்னது போதும். 24 பிட், 48 கிலோஹேட்ஸ் வேவ் கோப்பாகப் பதியுங்கள். பதிவு மென்பொருளுக்கு ரீப்பர் தாராளம், 60 நாள் இலவசமாகப் பழகிவிட்டு உரிமம் வாங்கலாம்.

ஒரு வாரத்துக்கு முன் ஸ்னேருக்கும் டொம்களுக்கும் மேல் தோல் புதிது போடுங்கள். தோல் இழுபட்டு அமர நாள் வேண்டும். முதல்நாள் இரவே செட்டை மண்டபத்தில் கொண்டுபோய் வையுங்கள். குளிரில் வந்த மரமும் தோலும் அறைச்சூட்டுக்கு வந்தபின்தான் சுருதி நிற்கும். சுருதி கூட்டும்போது எதிரெதிர்த் திருகாணிகளைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் மாறி மாறித் திருகி, ஒவ்வொரு திருகாணிக்கும் அருகே விரல் தூரத்தில் தட்டி எல்லாம் ஒரே சுரத்துக்கு வருகிறதா என்று கேளுங்கள். ஸ்னேரின் கீழ்த்தோல் மேல்தோலைவிட இறுக்கமாக இருக்கட்டும். கிக் டிரம்முக்குள் ஒரு சின்னத் தலையணை, இரு தோலையும் லேசாகத் தொடும்படி. நிறைத்து அடைத்தால் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் ஆகிவிடும். பெடல் கீச்சிட்டால் ஒரு துளி எண்ணெய். டிரம்ஸ்காரரின் கதிரை முனகுகிறதா என்றும் பாருங்கள், மெல்லிய பாட்டில் அது தெளிவாகக் கேட்கும்.

டிரம்ஸுக்கு நான்கு மைக்கே போதும், மற்ற உள்ளீடுகள் கூடவே வாசிக்கும் கிட்டார், பேஸ், குரலுக்கு. கிக்குக்கு ஒன்று, முன்தோல் ஓட்டையின் வாயில். இன்னும் உள்ளே தள்ளினால் மட்டையடி கூடும், வெளியே எடுத்தால் தொப்பென்ற உடல் கூடும். ஸ்னேருக்கு ஷூர் எஸ்எம்57, விளிம்புக்கு 3 சென்ரிமீற்றர் மேலே, தோலின் நடுவைப் பார்த்து, மைக்கின் முதுகு ஹைஹெட் பக்கம் இருக்கும்படி. மற்ற இரண்டும் கொண்டென்சர் மைக். ஒன்று ஸ்னேரின் நடுவுக்கு நேர் மேலே சுமார் 1 மீற்றர் உயரத்தில். இரண்டாவது டிரம்ஸ்காரரின் வலது தோள் பக்கம், தரை டொம்முக்கு மேலாக ஸ்னேரைப் பார்த்தபடி.

இந்த இரண்டு மைக்கும் ஸ்னேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். அளக்க ஒரு நூல் போதும். நூலின் ஒரு முனையை ஸ்னேரின் நடுவில் பிடித்து முதல் மைக்கின் முனை வரை இழுத்து முடிச்சுப் போடுங்கள். அதே முடிச்சு இரண்டாவது மைக்கின் முனையைத் தொடும்வரை அதை நகர்த்துங்கள். தூரம் பிசகினால் ஸ்னேர் ஒரு மைக்குக்கு முந்தியும் மற்றதற்குப் பிந்தியும் போய்ச் சேரும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் சதை போய்த் தகரமாக ஒலிக்கும். பிறகு கிக், ஸ்னேர் மைக்குகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, மென்பொருளில் ஃபேஸை (ஒலியலையின் மேல்கீழ்த் திசையை) திருப்பும் பொத்தானை அழுத்தி எடுத்துப் பாருங்கள். எந்த நிலையில் அடித்தொனி தடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பதிவுக்கு முன் செய்ய ஐந்து நிமிடம் போதும். பிறகென்றால் மிக்ஸ் முழுக்க இழுபடும்.

மண்டபக் கூரை தாழ்வாக இருந்தால் சிம்பலின் சத்தம் கூரையில் பட்டு உடனே மேல் மைக்கில் விழும், கரகரவென்று இருக்கும். செட்டுக்கு நேர் மேலே ஒரு கம்பளியைப் பந்தல்போல் கட்டுங்கள். அதைவிட முக்கியம், டிரம்ஸ்காரரிடம் சிம்பலை மெல்ல, ஸ்னேரையும் கிக்கையும் பலமாக அடிக்கச் சொல்வது. மேடைப் பழக்கம் இதற்கு நேர்மாறு. ஒத்திகையிலேயே மாற்ற வேண்டும், பதிவு நாளில் சொன்னால் பாட்டே தடுமாறும்.

அளவு வைக்கும்போது ஒவ்வொரு டிரம்மாகத் தட்டச் சொல்லி வைக்காதீர்கள். பாட்டின் மிகப் பலமான பல்லவியை முழுதாக வாசிக்கச் சொல்லி, உச்சம் −10 டெசிபல் அளவில் நிற்கும்படி வையுங்கள். உற்சாகம் ஏறியதும் கை இன்னும் 4, 5 டெசிபல் கூடும்.

மற்றவர்களும் கூடவே வாசிக்கட்டும், ஆனால் கிட்டாரும் பேஸும் நேரடி இணைப்பில் ஹெட்போனுக்கு மட்டும் போகட்டும். பாடகர் அடுத்த அறையில். பாட்டு இல்லாமல் டிரம்ஸ் மட்டும் பதிந்தால் கணக்குச் சரியாக இருக்கும், உயிர் இராது. கிளிக் ஹெட்போனிலிருந்து கசிந்து அமைதியான முடிவுகளில் மேல் மைக்கில் டிக் டிக் என்று விழும். மூடிய வகை ஹெட்போன் பாவியுங்கள், கடைசிச் சிம்பல் அடிக்கு முன் கிளிக் நின்றுவிடும்படி அமையுங்கள். அந்தச் சிம்பல் முழுதாக அடங்கும்வரை யாரும் மூச்சுவிடக் கூடாது. “சரியா மச்சான்?” என்ற குரல் எத்தனையோ நல்ல டேக்குகளின் வாலில் உட்கார்ந்திருக்கிறது.

முதல் நாள் மூன்று மணிநேரம் அமைப்பதற்கே போகும். அன்று நான்கு பாட்டு, மறுநாள் ஐந்து. நடுத்தர வேகப் பாட்டில் தொடங்கி, கை சூடானதும் கடினமானவற்றை எடுத்து, மெல்லிய பாட்டைக் கடைசிக்கு வையுங்கள். ஒரு பாட்டுக்கு முழு டேக் மூன்று. நான்காவதிலிருந்து பெரும்பாலும் களைப்புத்தான் பதிவாகும். மூன்றிலும் சரிவராத பாட்டை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்த் திரும்பி வாருங்கள்.

கோப்புகள்

48 கிலோஹேட்ஸ், 24 பிட்டில் ஒரு ட்ராக் நிமிடத்துக்கு சுமார் 8.6 மெகாபைட். எட்டு ட்ராக்கில் நிமிடத்துக்கு 69. ஒன்பது பாட்டு, மூன்று டேக், ஒவ்வொன்றும் நான்கு நிமிடமென்றால் டிரம்ஸ் நாட்களுக்கே ஏறத்தாழ 7.5 கிகாபைட் வரும். பின்னே சேரும் கிட்டார், குரல் எல்லாவற்றுக்கும் 64 கிகாபைட் ஒதுக்குங்கள். அன்றிரவே மூன்று பிரதி: லெப்டொப்பில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, வேறொருவர் வீட்டில் ஒன்று. மண்டபத்தைப் பூட்டும் முன் ஒவ்வொரு பாட்டையும் பத்து விநாடி திறந்து கேளுங்கள்.

பேஸும் கிட்டாரும்

பேஸை நேரடியாக இன்டர்ஃபேஸில் பதியுங்கள். புதுக்கம்பி, 12ஆம் கட்டில் சுருதிச் சோதனை, ஒவ்வொரு டேக்குக்கும் முன் ட்யூனர். பேஸ்காரர் ஹெட்போனில் கிக்கைச் சத்தமாகவும் கிட்டாரை மெல்லவும் வைத்து வாசிக்கட்டும்.

மலையக ஈரம் கிட்டாரின் எதிரி. கழுத்து வளையும், கம்பி துருப்பிடிக்கும், கொண்டென்சர் மைக்கில் ஈரம் ஏறினால் எண்ணெய்ச்சட்டியில் கடுகு வெடிப்பதுபோல் சத்தம் போடும். மைக்கையும் கிட்டாரையும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் வையுங்கள். பதிவுக்கு அரை மணி முன்பு எடுத்து, கொண்டென்சர் மைக்குக்கு இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் கொடுத்து விடுங்கள். வளைந்த கழுத்தை நிமிர்த்த அதன் உள்கம்பியின் திருகாணியைத் திருகுவதென்றால் கால் சுற்று, பிறகு ஒரு நாள் பொறுமை.

அம்ப்பின் டிஸ்டோர்ஷனை மேடையில் வைப்பதில் பாதிக்குக் குறையுங்கள். பதிவில் இரண்டு மூன்று கிட்டார் சேரும்போது அழுத்தம் தானாக வரும், ஒவ்வொன்றிலும் முழுதாக வைத்தால் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல். எஸ்எம்57 ஐ ஸ்பீக்கர் துணிக்கு 2 சென்ரிமீற்றர் தூரத்தில், கூம்பின் நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில் வையுங்கள். நடுவில் வைத்தால் கீறும், விளிம்பில் வைத்தால் மங்கும். ரிதம் கிட்டாரை இரு தடவை தனித்தனியாக வாசித்து ஒன்றை இடத்துக்கும் ஒன்றை வலத்துக்கும் தள்ளுங்கள். ஒரே டேக்கைப் பிரதி எடுத்து இரு பக்கமும் போட்டால் அகலம் வராது, நடுவில் சத்தம்தான் கூடும். அக்கூஸ்டிக் கிட்டாருக்கு மைக் 12ஆம் கட்டுக்கு முன்னால், 25 சென்ரிமீற்றரில். ஓட்டையைப் பார்த்து வைத்தால் பூம் பூம் என்றுதான் வரும்.

குரல்

காலை பத்துக்கு முன் பாடவேண்டாம், மலைக்குளிரில் தொண்டை இளகுவதில்லை. வாய்க்கும் மைக்குக்கும் 15 முதல் 20 சென்ரிமீற்றர், நடுவில் பொப் வடி. சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘ப’ காற்றோடு மைக்கை அடிக்கும். மைக்கை மூக்கு உயரத்துக்கு ஏற்றி, கீழ்நோக்கி லேசாகச் சாய்த்தால் காற்று கீழால் போய்விடும். வரித்தாள் வைக்கும் பலகையின் மேல் ஒரு துணி போடுங்கள், வெறும் பலகை சத்தத்தைத் திருப்பியடிக்கும்.

முழுப் பாட்டையும் நான்கு ஐந்து தடவை பாடவிட்டு, பிறகு வரிவரியாக நல்லதைப் பொறுக்குங்கள். வரிவரியாகப் பதிந்தால் சுருதி சரியாகும், ஆனால் மூச்சு ஓட்டம் அறுந்துவிடும். பல்லவியை மட்டும் இரட்டைக் குரலாகப் பாடுங்கள். இரண்டாவது குரலில் சொல்லின் இறுதி ஒற்றை மெல்லவோ விட்டோ பாடினால் ‘ட்’, ‘க்’ இரண்டு தடவை கேட்காது.

வரியில் காம்பரா, பெரட்டு, மடுவம் என்று தோட்டத்துச் சொற்களை எழுதிவிட்டுச் சினிமாப் பாடகரின் உச்சரிப்பில் பாடினால் இரண்டும் ஒட்டாது. பேசுகிற வாயிலேயே பாடுங்கள். ழகரம் மட்டும் தெளிவாக இருக்கட்டும்.

மிக்ஸ்

மெல்லிய சத்தத்தில் மிக்ஸ் செய்யுங்கள், பக்கத்தில் ஆள் பேசினால் கேட்கும் அளவில். முதலில் டிரம்ஸின் மேல் மைக்குகளை மட்டும் ஏற்றி, அதோடு கிக், ஸ்னேர், பேஸ், குரல், கடைசியில் கிட்டார். கிட்டாரை முதலில் ஏற்றினால் குரலுக்கு இடம் மிஞ்சாது.

குரலிலும் கிட்டாரிலும் 80 முதல் 100 ஹேட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். மிக்ஸ் சேறாக இருந்தால் 250 முதல் 350 ஹேட்ஸில் கிட்டாரை 2, 3 டெசிபல் குறையுங்கள். குரல் புதைந்தால் குரலை ஏற்றும் முன் 3 கிலோஹேட்ஸ் பக்கத்தில் கிட்டாரை 2 டெசிபல் இறக்கிப் பாருங்கள். ‘ச’, ‘ஸ’ சீறினால் 6 முதல் 8 கிலோஹேட்ஸில் டி-எஸ்ஸர் (சீறலை மட்டும் அடக்கும் கருவி) போடுங்கள். எதிரொலியை வேகத்தோடு பொருத்த 60,000 ஐ அடிவேகத்தால் வகுங்கள்: 120 என்றால் ஓர் அடிக்கு 500 மில்லிவிநாடி, அரை அடிக்கு 250. ரிவேர்ப் (அறையின் அதிர்வொலி) மலைப்பள்ளத்தாக்குபோல் இருக்கவேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். வேகப் பாட்டுக்கு 1.5 விநாடிக்கு மேல் போனால் வார்த்தை கரையும்.

முடிந்ததும் போன் ஸ்பீக்கரில், த்ரீவீலில், மோனோவில் கேளுங்கள். உங்கள் ரசிகர்களில் பலர் இந்த அல்பத்தைக் கேட்கப்போவது பஸ் ஸ்பீக்கரில்தான். போனில் பேஸ் முற்றாக மறைந்தால் அதற்கு 700 ஹேட்ஸ் பக்கம் கொஞ்சம் டிஸ்டோர்ஷன் சேருங்கள், மேல்தொனிகளால் காது அதைப் பிடித்துக்கொள்ளும்.

மாஸ்டரிங்

மிக்ஸ் செய்தவர் மாஸ்டரிங் செய்யக்கூடாது. மாதக்கணக்காகக் கேட்ட காதுக்குக் குறை தெரியாது. மாஸ்டர் ட்ராக்கில் லிமிட்டரை (உச்சத்தை அமுக்கும் கருவியை) எடுத்துவிட்டு, உச்சம் −6 முதல் −3 டெசிபலில் நிற்கும் 24 பிட் வேவ் கோப்புகளை அனுப்புங்கள். ஒன்பதையும் ஒரே தடவையில், பாட்டு வரிசையோடு. சத்தத்தை நசுக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். ஸ்பொடிபை வழக்கமாக −14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) வரை இறக்கிவிடும், நசுக்கிய பாட்டு இறங்கியபின் சப்பையாகத்தான் கேட்கும். உண்மை உச்சம் (ட்ரூ பீக்) −1 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும்.

உரிமையும் வெளியீடும்

வெளியிடும் முன் ஒரு தாளில் ஒவ்வொரு பாட்டுக்கும் வரி யார், மெட்டு யார், யாருக்கு எத்தனை வீதம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். நண்பர்கள் என்பதால் இதைத் தள்ளிப்போடுவார்கள், நண்பர்கள் என்பதால்தான் இப்போதே எழுதவேண்டும். இலங்கையில் பதிப்புரிமை படைத்தவுடனேயே வந்துவிடும், பதிவுசெய்யத் தேவையில்லை. ஆசிரியரின் ஆயுளும் அதன்பின் 70 ஆண்டும் நிற்கும். ஆனால் யார் படைத்தது என்ற தகராறு வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

பாட்டைத் தளங்களுக்கு அனுப்பும் டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோகஸ்தர் ஒருவரிடம் சேருமுன் உங்கள் வங்கிக்குப் பணம் எந்த வழியில் வரும் என்று பாருங்கள். அட்டைப்படம் 3000 க்கு 3000 பிக்சல் சதுரம். குழுப் பெயரின் எழுத்துக்கூட்டலை எல்லா இடத்திலும் ஒன்றாகவே வையுங்கள். ஒரு பாட்டில் ஓர் எழுத்து மாறினாலும் தளம் உங்களை இரண்டு குழுவாக்கிவிடும். மொழி தமிழ் என்று குறியுங்கள். ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி எண்ணை எழுதி வையுங்கள், பின்னர் விநியோகஸ்தரை மாற்றினால் அதே எண்ணைக் கொடுத்தால்தான் கேட்ட கணக்கு அழியாது. வெளியீட்டு நாளுக்கு நான்கு வாரம் முன் ஏற்றுங்கள். ஸ்பொடிபை ஆசிரியர் பட்டியலுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பு ஒரு பாட்டை முன்வைக்கலாம், ஒன்றே ஒன்று. ஆயிரம் கேட்பு இத்தனை ரூபா என்று விற்பவர்களிடம் போகவேண்டாம், தளம் கண்டுபிடித்தால் பாட்டையே இறக்கிவிடும்.

இலவச லூப் (யாரும் எடுத்துப் பாவிக்கும் சிறு இசைத்துண்டு) பாவித்த பாட்டை, உரிமையாளரின் ஒலியைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப்பின் கொன்டென்ட் ஐடியில் சேர்க்கக்கூடாது. அதே லூப்பைப் பாவித்த வேறொருவரின் பாட்டுக்கு உங்கள் பெயரில் உரிமைக்கோரல் போய் நிற்கும்.

கடைசியாக, ஒவ்வொரு பாட்டுக்கும் குரலில்லாத மிக்ஸ் ஒன்றும், டிரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் என்று நாலு தொகுதிகளாகப் பிரித்த கோப்புகளும் அன்றே வெளியே எடுத்து வையுங்கள். டிரம்ஸ்காரர் வேலைக்குக் கொழும்புக்கோ கட்டாருக்கோ போனபின் திருவிழா மேடைக்கு அவைதான் தேவைப்படும். இரண்டு வருடத்துக்குப் பிறகு பழைய ப்ராஜெக்டைத் திறந்தால் பாதி ப்ளக்-இன் (மென்பொருளோடு சேர்க்கும் துணைக்கருவிகள்) காணாமல் போயிருக்கும்.